வந்தவருக்கு விருந்து, இருந்தவருக்கு என்ன?

('ஓய்வுக் காலத்துக்கு ஏற்ற ஊர் எது?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், ஈப்போவில் வாழும் ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் பேசியது.)



இங்கே பேசிய தம்பி ஒருவர், தென் அமெரிக்காவில் எக்குவடோர் நாட்டில் குவெங்கா என்ற மலை நகரத்தைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் பலர் அங்கே போய்க் குடியேறுகிறார்கள். இதமான தட்பவெப்பம். 2000ஆம் ஆண்டிலிருந்து அந்த நாட்டில் அமெரிக்க டாலர்தான் பணம். 'இப்படி ஓர் ஊர் நமக்கு உண்டா?' என்று கேட்டார்.

உண்டு தம்பி. அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் ஈப்போவுக்கு வாருங்கள்.

1985இல் ஈய விலை விழுந்தது. எங்கள் ஊர் இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். வயதானவர்கள் மிஞ்சினோம். ஆனால் அதிலும் ஒரு நன்மை. வீட்டு விலை தலைநகரத்தைப் போல் ஏறவில்லை. சுற்றிலும் சுண்ணாம்பு மலை. காலையில் நடப்பதற்கு டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. 1969இல் மறைந்த நம்முடைய வழக்கறிஞர், ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர், அவர் பெயரில் உள்ள பூங்கா அது. 2010இல் மின்சார ரயிலும் வந்துவிட்டது. கோலாலம்பூருக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான்.

அதனால் வெளிநாட்டு முதியவர்களும் எங்கள் ஊரைத் தேடி வந்தார்கள். 1996இல் அரசாங்கம் 'வெள்ளி முடி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2002இல் அதுவே 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' ஆனது. வங்கியில் பணம் போடுங்கள், வருமானம் காட்டுங்கள், இங்கே வந்து தங்குங்கள் என்றார்கள். 2020இல் நிறுத்தி, 2021இல் கடுமையான விதிகளோடு மறுபடி திறந்தார்கள். 2024இல் அறிவித்த விதிப்படி 'சில்வர்' பிரிவில் வருகிறவர் 150,000 அமெரிக்க டாலர் வைப்புத் தொகை போட வேண்டும், வீடும் வாங்க வேண்டும். அனுமதி 5 ஆண்டுக்கு. பிறகு புதுப்பிக்கலாம்.

அப்படி வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் தாமானில் இருக்கிறார். பழைய விதிகள் இருந்த காலத்தில் மனைவியோடு வந்தவர். முதல் வருடம் எல்லாமே அதிசயம் அவருக்கு. வெள்ளைக் காப்பி குடிக்க வந்த வெள்ளைக்காரர் என்று நாங்களே கேலி செய்வோம். (சிரிப்பு)

ஆனால் அன்றாடம் என்று ஒன்று இருக்கிறதே! தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது? பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் செருப்பை எங்கே கழற்றுவது? பசாரில் கீரைக்காரி சொல்லும் விலை நியாய விலையா, முகம் பார்த்துச் சொன்ன விலையா? இதெல்லாம் எந்த விண்ணப்பத் தாளிலும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டார். கடை மலாய் பேசக் கற்றார். தைப்பூசத்தன்று குனோங் சீரோ சுப்பிரமணியர் கோயிலுக்கு வந்து எங்களோடு நீர்மோர் ஊற்றினார்.

பிறகு மனைவி இறந்துபோனார். மகன் வந்தான், 'வீட்டுக்குப் போகலாம்' என்றான். இவர் போகவில்லை. அடுத்த மழைக் காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தார். இரண்டு நாள் காப்பிக் கடைக்கு வரவில்லை. கடைக்காரச் சீனர்தான் கவனித்து எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ப் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஒரு நாள் காலையில் நாம் வெளியே வராவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று கேட்க நாலு பேர் வேண்டும் ஐயா. அந்த நாலு பேர் உள்ள ஊர்தான் ஓய்வுக் காலத்துக்கு ஏற்ற ஊர். என் கட்சி இதுதான்.

சரி, இத்தோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கே வந்தேன்.

எங்கள் ஊரில் இன்னொரு வகை வெளிநாட்டு முதியவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டைக் கண்ணால் பார்க்காத வெளிநாட்டவர்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அடுத்த வீட்டு அக்கா, என்னைவிட 4 வயது மூத்தவர், அதே லயத்தில் பிறந்தவர். 14 வயதில் பால் வெட்ட இறங்கியவர், 40 வருடம் வெட்டினார். இன்று புந்தோங்கில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கச்சான் பூத்தே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, ஆனால் குடிமகள் அல்ல.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். தேர்தல் நாளில் பிள்ளைகளும் பேரன்களும் ஓட்டுப் போடப் போவார்கள், அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பார். முதியோர் உதவித் தொகை குடிமக்களுக்குத்தான். மலேசியக் கடப்பிதழ் கிடையாது. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் அட்டையை நீட்டும்போது கை கொஞ்சம் தயங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி? சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் பதிய வேண்டும். தோட்டத்தில் யார் சொல்வது? டவுனுக்குப் போனால் ஒரு நாள் பெரட்டு போச்சு, ஒரு நாள் கூலி போச்சு. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று வந்தபோது ஆயிரக்கணக்கானோர் பெட்டியைக் கட்டினார்கள். அக்காவின் அண்ணனும் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்தான். அனுமதி கிடைத்து அக்கா தங்கிவிட்டார்.

1975இல் அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் அப்போது தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். நாலு எழுத்து தெரிந்தவன். 'தம்பி, இதை எழுதிக் கொடுப்பா' என்றார். 'மழைக் காலம், காய்ச்சல்காரக் கூட்டம் அதிகம், அப்புறம் எழுதலாம் அக்கா' என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அந்த 'அப்புறம்' வருவதற்கு 50 வருடமாகிவிட்டது.

இதற்கிடையில் தோட்டம் கை மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். பிறப்புத் தாள் எந்தப் பெட்டியோடு போனது என்று தெரியவில்லை.

ஒரு நாள் காப்பிக் கடையில் அக்கா காசு எடுக்கும்போது அட்டை கீழே விழுந்தது. வெள்ளைக்காரர் எடுத்துக் கொடுத்தார். நிறத்தைப் பார்த்துவிட்டு, 'இந்த அம்மா எந்த நாட்டிலிருந்து வந்தவர்?' என்று என்னைக் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'அவருக்கு இது ரெண்டாவது வீடு தம்பி. எனக்கு இருக்கிறதே இந்த ஒரு வீடுதானே!'

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அந்த வெள்ளைக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் நல்ல மனிதர். வந்தவரை வரவேற்பது நம் பண்பு. ஆனால் வந்தவருக்கு விருந்து வைக்கிற வீட்டில், அடுப்பு மூட்டியவள் வாசலில் நிற்கலாமா?

வழி இல்லாமல் இல்லை. 60 வயதுக்கு மேற்பட்ட, சிவப்பு அட்டை வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க முடிவானதாக 2018 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். இங்கே பிறந்திருக்க வேண்டும், மலாய் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டி, தாத்தா, பெரியம்மா அட்டையின் நிறத்தைப் பாருங்கள். இரண்டாவது, பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, சேமநிதிக் கணக்கு, தோட்டச் சம்பளச் சீட்டு, எல்லாம் சாட்சி. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாளை அக்கா துணியில் சுற்றி வைத்திருந்தார். அதையும் சேர்த்திருக்கிறோம். மூன்றாவது, நேர்காணலுக்குப் பெரியவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். ஒரு மாதம் உட்கார்ந்து மலாய் பேசிப் பழக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.

போன மாதம் அக்காவின் விண்ணப்பத்தை நானே என் கையால் எழுதினேன். பதில் வர வேண்டும். அவருக்கு 80 வயது. எனக்கு 76. யார் முந்துவது என்று தெரியாது.

படிக்கத் தெரிந்த பிள்ளைகளே, ஒரு பெரியவர் தாளை நீட்டினால் 'அப்புறம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.