உதவித்தொகைக்கு ஒரு பழைய சான்று

பட்டியல் வகுப்பு மாணவர் கல்லூரியில் பயில, மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அதைப் பெறச் சாதிச் சான்றிதழ் இன்றியமையாதது. இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இடர்ப்பாடு இங்குதான் எழுகிறது.

பட்டியல் வகுப்பினர் ஆணை 1950இல் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு முன்பே கேரளப் பகுதியில் குடியேறியோரின் வழித்தோன்றல்கள், தம் சாதி அம்மாநிலப் பட்டியலில் இருப்பின், அங்கே சான்றிதழுக்கு உரியோர். பின்னர் வந்தோருக்குக் கேரளத்தில் அச்சலுகை கிட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டை மெய்ப்பிப்பவை பழைய ஆவணங்களே. தேவிகுளம் சட்டமன்றத் தேர்தல் வழக்கில், வேட்பாளரின் முன்னோர் 1950க்கு முன்பே அங்கு வாழ்ந்தனர் என்பதை ஆவணங்களின் துணையால் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, இங்குக் கூடியுள்ள பெற்றோர், பாட்டனார் பெயர் கொண்ட தோட்டப் பதிவுகளை இன்றே தேடி எடுத்தல் நன்று. பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபின் தாலுகா அலுவலகத்திற்கு அலைந்தால், விண்ணப்பக் காலம் கடந்துவிடக் கூடும். பெட்டியடியில் கிடக்கும் அந்தத் தாளே பேரப்பிள்ளையின் படிப்புக்குக் கைம்முதல்.