வாசலில் ஒரு சக்கரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்கும் பௌத்த ஓவியத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் பேசப்போவதும் ஒரு சக்கரத்தைப் பற்றித்தான்.

திபெத், லடாக் மடாலயங்களின் வாசல் சுவரில் 'பவசக்கரம்' என்ற ஓவியத்தைப் பார்க்கலாம். அஜந்தா 17-ஆம் குகையின் முன்தாழ்வாரத்திலும், 5-ஆம் நூற்றாண்டில் தீட்டிய இதன் சிதைந்த பகுதி இருக்கிறது. இதை வாசலில் வரைந்து, வருவோருக்கு விளக்கிச் சொல்ல ஒரு பிட்சுவையும் அமர்த்த வேண்டும் என்கிறது பழைய வினய நூல்.

சக்கரத்தை எமன் பல்லாலும் நகத்தாலும் பற்றியிருக்கிறான். நடுக்குடத்தில் சேவல், பாம்பு, பன்றி. அதாவது ஆசை, வெறுப்பு, அறியாமை. வண்டியை ஓட்டும் மோட்டார் இந்த மூன்றும்தான்.

சுற்றிலும் தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பசித்த பேய், நரகம் என்று ஆறு உலகங்கள். அசுரர் பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மரம், வேர் அசுரர் நிலத்தில், பழம் தேவர் கையில். அதற்காக ஓயாத சண்டை! "அவன் எங்கே இருக்கான், எவ்வளவு வாங்குறான்" என்று விசாரிக்கிற நமக்கு இந்த மரம் புதுசா என்ன?

விளிம்பில் பன்னிரண்டு சிறு படங்கள். இவை பன்னிரு நிதானங்கள். மணிமேகலையின் 30-ஆம் காதையில் சாத்தனாரும் இவற்றை வரிசைப்படுத்துகிறார். முதலில் பேதைமை, அதற்குக் கண் தெரியாத ஒருவர் படம். அடுத்தது செய்கை, பானை வனையும் குயவர். ஒன்று இருப்பதால் அடுத்தது வருகிறது. கடைசியில் மூப்பும் சாவும். கோளாறு எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடுவோமே, அந்த வேலைதான் இது.

ஏழாவது படத்தில் ஒருவர் கண்ணில் அம்பு தைத்திருக்கிறது. அது நுகர்வு. எட்டாவதில் ஒருவர் மது அருந்துகிறார். அது வேட்கை. அம்பு தைப்பதை நம்மால் தடுக்க முடியாது. நண்பன் வீடு கட்டினால் மனசில் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் ஏழிலிருந்து எட்டுக்குப் போயே தீரவேண்டுமா? சங்கிலியை அறுக்கக்கூடிய இடம் இதுதான் என்று பௌத்த ஆசிரியர்கள் காட்டுகிறார்கள்.

சக்கரத்துக்கு வெளியே, மேல் மூலையில் புத்தர் நின்று நிலவைச் சுட்டிக்காட்டுகிறார். வெளியே வர வழி உண்டு என்பது அதன் பொருள்.

தம்பிகளே, நல்ல வேலையும் சம்பளமும் தேடுங்கள், தப்பே இல்லை. அடுத்தவர் மார்க்கோ சம்பளமோ கண்ணில் தைக்கும்போது மட்டும், எட்டாவது படத்துக்குத் தாவுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.