ஒற்றர் வாக்கும் வேதவாக்கோ?



இங்கிலாந்தில் எம்.ஐ.5 என்னும் உளவு இலாகாவில் வேலை பார்த்த டேவிட் ஷெய்லர் என்பவர், அரசியல்வாதிகள் மீது அவ்விலாகா ரகசியக் கோப்புகள் வைத்திருந்ததை 1997-ல் அம்பலப்படுத்தினார். ரகசியத்தை வெளியிட்டதற்காக 2002-ல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தத் துணிவை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் அவரே பின்னர், 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் கோபுரங்களில் மோதியவை விமானங்களே அல்ல, பிம்பத்தால் மூடிய ஏவுகணைகள் என்றார்! 2007-ல் தாமே உலகை இரட்சிக்க வந்த மெசையா என்றார்!

"உள்ளே இருந்தவர் சொல்கிறார், பொய்யாகுமா?" என்பாரைக் கேட்கிறோம்: அவ்விமானங்களில் ஏறிய பிரயாணிகள் எங்கே போனார்கள்? ரிஷி சொன்னார் என்பதற்கும் ஒற்றர் சொன்னார் என்பதற்கும் என்ன வித்தியாசம்? முன்னதற்குத் தஸ்தாவேஜு சாட்சி இருந்தது; பின்னதற்கு அவர் வாயே சாட்சி.

ஆகவே தோழர்களே! சர்க்கார் சொன்னாலும், சர்க்காரை எதிர்த்துச் சிறை சென்றவர் சொன்னாலும், ஆதாரம் எங்கே என்று கேளுங்கள்!