ஏதுப்போலி



வாதத்தில் தோற்பவனை அறிவிலி என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அவன் எதிரி காட்டும் பொய்க்காரணத்தை இன்னதென்று இனங்காண அறியாதவனே. அவ்வறிவைத் தமிழிலேயே தந்த நூல் மணிமேகலை. அதன் 29-ஆம் காதையில், காஞ்சி மாநகரில், கணிகையர் குலத்துப் பெண்ணான மணிமேகலைக்கு அறவண அடிகள் பௌத்த தருக்கத்தைக் கற்பிக்கிறார். குலம் வினவிக் கற்பித்தாரில்லை என்பதை நினைவிற் கொள்க.

நிலைநாட்ட விரும்பும் கூற்று பக்கம். அதற்குக் காட்டும் காரணம் ஏது. 'அம்மலையில் நெருப்புண்டு' என்பது பக்கம். 'புகை தோன்றுதலால்' என்பது ஏது. ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவாகாதது ஏதுப்போலி. அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என அது மூவகைப்படும். வடசொற்களைக் கண்டு மிரள வேண்டா, பொருள் எளிதே.

காரணமே உறுதிப்படாதது அசித்தம். மார்கழி வைகறையில் சிறுமலைமீது தவழும் பனியைப் புகையென மயங்கி, அங்கே நெருப்புண்டு என்று சாதிப்பது போன்றது. 'இப்பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை. ஆதலால் தேறமாட்டார்கள்' என்பார் உளர். நாட்டமில்லை என்பதை நிறுவியவர் யார் என்று வினவுங்கள்.

அநைகாந்திகத்தில்தான் நாம் மிகுதியும் ஏமாறுகிறோம். இங்கே காரணம் மெய்யாகவே இருக்கும். ஆனால் நிறுவ வேண்டிய பொருளிடத்தும் அதற்கு மாறான பொருளிடத்தும் அது ஒருங்கே காணப்படும். நம் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். 'தோலைத் தொடுவோர், ஆதலால் தாழ்ந்தோர்' என்ற சொல்லைச் செவியாரக் கேட்ட பெரியோர் இவ்வவையிலேயே உள்ளனர். தோலைத் தொடுதல் மெய்தான். மிருதங்க வித்துவானும் தோலைத்தான் தொடுகிறார். அவருக்கோ அவை நடுவே பொன்னாடை போர்த்துகின்றனர்! இருதிறத்தாரிடத்தும் உள்ள ஒரு செயல் எவருடைய தாழ்வையும் நிறுவாது. இவ்வேது வீழ்ந்ததும், 'அவர் பிறப்பு வேறு, இவர் பிறப்பு வேறு' என்பார்கள். பிறப்பால் தாழ்வு உண்டு என்பதுதானே அவர்கள் நிறுவ வேண்டிய பக்கம்? அதனையே ஏதுவாக நீட்டினால் ஏற்காதீர்கள்.

எதிர்முடிவையே நிறுவும் காரணம் விருத்தம். 'தலைமுறை தலைமுறையாகப் படியாதவர்கள். இவர்களுக்குக் கல்வி எதற்கு?' என்பர். படியாமை, கல்வி வேண்டும் என்பதற்கன்றோ காரணம்! நம் கழகம் தோன்றியதே அதனாலன்றோ!

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்த 1898-ஆம் ஆண்டிலேயே, பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், சாதிக்குக் கூறப்பட்ட காரணங்களை எடுத்து மறுத்தார். அக்கட்டுரைகள் இன்று நூல்வடிவில் கிடைக்கின்றன. 29-ஆம் காதையை உரையுடன் கற்றபின் அவற்றைப் படியுங்கள். அவர் வீழ்த்தும் ஏது எவ்வகைப் போலி என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஐயம் எழும் இடங்களை ஞாயிறு மாலைகளில் கூடி விவாதிப்போம்.