பரணில் ஒரு பெட்டி



எனக்குக் கொடுத்த தலைப்பு 'சமயமும் கலையும்'. அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் என் சட்டையை உற்றுப் பார்த்தால் தோளில் தூசி தெரியும். அது பரண் தூசி. வருகிற செவ்வாய்க்கிழமை காலை குருமனை வாசலில் லாரி வந்து நிற்கும். மூன்று நாளாக நான் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் தலைப்பைக் கொஞ்சம் நீட்டி 'சமயமும் கலையும் வீடு மாறுதலும்' என்று வைத்துக்கொள்ள அவை அனுமதிக்க வேண்டும்.

எனக்கு இது ஏழாவது குருமனை. நம்ம பக்கத்துச் சபைகளில் சேகரகுருவுக்கு, அதாவது ஐயருக்கு, வீடு கொடுப்பார்கள். பெரிய வீடு. கிணறு இருக்கும், வேம்பு இருக்கும், மழைக்கு ஒழுகவும் செய்யும். ஆனால் எதுவும் நமதில்லை. நாம் நட்ட முருங்கை காய்க்கும்போது அடுத்த ஐயர் வீட்டில் சாம்பார் கொதிக்கும். என் மனைவிக்கு இதில் தீராத வருத்தம். "நாம நட்டதுல ஒண்ணையாவது நாம சாப்பிட்டிருக்கோமா?" என்பாள். "முந்தி இருந்த ஐயரம்மா வச்ச கொய்யாவை நாலு வருஷமா தின்னியே" என்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும். அன்றைக்குக் குழம்பில் உப்பு மட்டும் கூடியிருக்கும்.

வீடு மாறுவதைப் பற்றி வேதாகமத்தில் நிறைய இருக்கிறது. எண்ணாகமம் 33-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இங்கே புறப்பட்டு அங்கே இறங்கினார்கள், அங்கே புறப்பட்டு இங்கே இறங்கினார்கள் என்று பெரும்பகுதி டிரான்ஸ்பர் லிஸ்டேதான். அப்படி அலைந்த ஜனத்துக்கு ஒரு கோயில் வேண்டியிருந்தது. கல்லில் கட்டினால் தூக்க முடியாது. ஆகவே கூடாரம். அந்தக் கூடாரத்தைச் செய்ய ஒரு கைவினைஞர் வருகிறார், பெசலெயேல் என்று பெயர். பொன், வெள்ளி, வெண்கல வேலை தெரியும். கல் பதிப்பார், மரம் செதுக்குவார். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் இந்த மனிதரைத் தம் ஆவியால் நிரப்பியிருப்பதாகக் கடவுள் சொல்கிறார். வேதாகமத்தை முதலிலிருந்து படித்துவந்தால், கடவுள் இப்படித் தம் வாயால் சொல்லும் முதல் ஆள் இவர்தான். ஆசாரியருக்கும் அரசருக்கும் முன்னால் ஆசாரி முந்திக்கொண்டார். கலைக்கும் சமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சபைக் கூட்டத்தில் கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் புரட்டிக் காட்டுவது வழக்கம்.

ஆனால் மூட்டை கட்டுகிற இந்த வாரத்தில் எனக்குப் பிடித்தது அதற்கடுத்த சங்கதி. பெசலெயேல் செய்ததையெல்லாம் பாலைவனத்தில் தூக்கிப் போக வேண்டுமே! உடன்படிக்கைப் பெட்டியில் தூக்குவதற்குத் தண்டுகள் இருந்தன. அவற்றை ஒருபோதும் கழற்றக் கூடாது என்று கட்டளை. இறங்கி ஓய்ந்திருக்கும்போதும் தண்டு அப்படியே இருக்கும். அப்புறம் வேலைப் பிரிவினை. திரைகளும் கூடார மூடிகளும் கெர்சோன் வம்சத்தாருக்கு. அவர்களுக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. பலகை, தூண், பாதம் எல்லாம் மெராரி வம்சத்தாருக்கு. நான்கு வண்டி, எட்டு மாடு. கோகாத் வம்சத்தாருக்கு வண்டியே இல்லை. பெட்டியும் குத்துவிளக்கும் மேசையும் தோளில்தான் போக வேண்டும். எந்தச் சாமானை யார் சுமப்பது என்று பேர்பேராகக் குறித்துக் கொடுக்கவும் சொல்லியிருக்கிறது. எண்ணாகமம் நாலாம் அதிகாரத்தையும் ஏழாம் அதிகாரத்தையும் வீட்டில் போய்ப் படியுங்கள். பிரசங்கத்துக்கு ருசிக்காத அதிகாரங்கள் என்று பல வருஷமாக நானே தாண்டிப் போயிருக்கிறேன்.

பேர்பேராகக் குறிக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கு ஹாலந்து வரை போக வேண்டும்.

தியோடோரஸ் வான் கோ என்று ஒரு போதகர். சுண்டர்ட், ஹெல்வோர்ட், எட்டன், நூனென் என்று அவரும் என்னைப் போலக் குருமனை மாறிக்கொண்டே இருந்தவர். அவருடைய மூத்த மகன் வின்சென்ட்டை உங்களுக்குத் தெரியும். சூரியகாந்திப் படம் மாட்டாத பல் டாக்டர் உண்டா? ஆனால் அவரும் ஒரு பிரசங்கியாராகத்தான் புறப்பட்டார் என்பது பலருக்குத் தெரியாது. 1876 அக்டோபரில், 23 வயதில், இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற ஊரின் மெதடிஸ்ட் ஆலயத்தில் முதல் பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்டது 119-ஆம் சங்கீதத்தில் பக்தன் தன்னைப் பூமியில் பரதேசி என்று சொல்லிக்கொள்ளும் வசனம். பிரசங்கத்தின் கடைசியில், தான் பார்த்த ஓர் ஓவியத்தை விவரித்தார். சாயங்கால வெளிச்சம், நீண்டு போகும் பாதை, ஒரு வழிப்போக்கர். சமயம், கலை, வீடற்ற நிலை மூன்றும் 23 வயதுப் பையனின் ஒரே பேச்சில் வந்துவிட்டன. நான் இங்கே ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேச வேண்டியதே இல்லை.

பிறகு பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு ஊழியம் செய்யப் போனார். ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் நல்ல அறை கிடைத்தது. சுரங்கத் தொழிலாளி குடிசையில் படுக்கும்போது தனக்கென்ன நல்ல அறை என்று அதைவிட்டு ஒரு குடிசைக்கு மாறினார். வசதியான வீட்டிலிருந்து வசதி குறைந்த வீட்டுக்குத் தானே விரும்பி மாறிய ஊழியக்காரர் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து நான் இல்லை. மேலிடத்துக்கு அந்தக் கோலம் பிடிக்கவில்லை. 1879-இல் வேலை போயிற்று. அடுத்த ஆண்டுதான் ஓவியர் ஆவதென்று முடிவு செய்தார்.

கையில் காசில்லாமல் 1883 கடைசியில் நூனென் குருமனைக்கே திரும்பினார். வீட்டுக்குப் பின்னால் துணி வெளுக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அது போதாமல் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இடம் வாடகைக்கு எடுத்தார். புராட்டஸ்டண்ட் போதகர் மகன் கத்தோலிக்கக் கோயில்பிள்ளை வீட்டில்! ஊர் என்ன பேசியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். 1885 மார்ச்சில் அப்பா திடீரென்று இறந்தார். அந்த அக்டோபரில் வின்சென்ட் ஒரு படம் வரைந்தார்: அப்பாவின் பெரிய வேதாகமம் ஏசாயா 53-இல் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி, முன்னால் கசங்கிப்போன ஒரு பிரெஞ்சு நாவல், எமில் ஸோலா எழுதியது. தந்தையின் விசுவாசத்துக்கும் மகனின் புது உலகத்துக்கும் நடக்கும் சண்டை அது என்று விமரிசகர்கள் எழுதுவார்கள். இருக்கலாம். எனக்கு அது வீட்டைக் காலி செய்வதற்கு முன்னால் ஒருவர் மேசைமேல் எடுத்து வைத்துப் பார்க்கிற சாமானாகத்தான் தெரிகிறது. போதகர் போனபின் குருமனை அவர் குடும்பத்துக்கு இல்லை. ஒரு மாதத்தில் வின்சென்ட் ஆண்ட்வெர்ப்புக்குப் போய்விட்டார். அடுத்த மார்ச்சில் அம்மா வீட்டைக் காலி செய்து பிரேடா என்ற ஊருக்குக் குடிபோனார்.

மகன் விட்டுப்போன படங்களைப் பெட்டிகளில் போட்டு அந்த அம்மா கூடவே கொண்டுபோனார். பெட்டியில் உளு இருக்கும், மற்ற சாமானுக்கும் பரவிவிடும் என்று பயந்து ஒரு தச்சர் வீட்டில் போட்டு வைத்தார்கள். 1889-இல் அம்மா லைடனுக்கு மாறினார். பெட்டிகள் தச்சர் வீட்டிலேயே தங்கிவிட்டன. மறுவருஷம் ஜூலையில் வின்சென்ட் இறந்தார். அதற்கும் பல ஆண்டு கழித்து அந்தப் படங்கள் ஒரு பழைய சாமான் வியாபாரி கைக்குப் போய், தள்ளுவண்டியில் சில்லறைக் காசுக்கு விலை போயின. தேறாது என்று கிழித்துப் போட்டவையும் உண்டு.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவர் போய்விட்டார், வீடு போய்விட்டது, வண்டியில் இடமில்லை, உளு வேறு. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். இதே நூனென் குருமனைத் தோட்டத்தை வின்சென்ட் 1884-இல் வரைந்த படம் ஒன்று 2020 மார்ச்சில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோயிற்று. மூன்றரை ஆண்டு கழித்துக் கிடைத்தபோது, தலையணை உறையில் சுற்றி, நீலநிறக் கடைப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். திருடன்கூட உறையில் சுற்றி வைத்திருக்கிறான்.

ஹாலந்திலிருந்து நம்ம பாளையங்கோட்டைக்கு வருவோம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் வீட்டைவிட்டுப் புறப்படுகிற ஒருவன் கதைதானே! ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட கதை, நம்ம ஊர்க் கம்பன் பித்தர் ஒருவர் கையில் விருத்தமாயிற்று. 'நற்போதகம்' இதழில் வருஷக்கணக்கில் தொடராக வந்து 1894-இல் நூலானது. நூலானதால் பிழைத்தது. அதே காலத்தில் நம் சபைகளில் எத்தனை உபதேசியார்கள் கீர்த்தனை எழுதினார்கள், கும்மி கட்டினார்கள், கிறிஸ்துமஸுக்கு நாடகம் எழுதினார்கள்! அச்சுக்குப் போகாததெல்லாம் எங்கே?

எங்கே என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் தாத்தா ஓர் உபதேசியார். தேரிக்காட்டுச் சபைகளில் நடந்தே ஊழியம் செய்தவர். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு ஒன்றில் தாம் கட்டிய பாட்டுகளை எழுதி, ராகம், தாளம் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டு என்னோடு மூன்று குருமனை வந்தது. நாலாவது மாற்றத்தில் வண்டிக்கு நேரமாகிவிட்டது. பழைய டைரிகளோடு சேர்த்து, அட்டையைப் பார்த்து, கணக்கு நோட்டு என்று நினைத்து நானே எடைக்குப் போட்டேன். கிலோ என்ன விலை என்று பேரம் பேசியதுகூட ஞாபகம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து அம்மா போனில், "தாத்தா நோட்ட எடுத்து அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாட்ட ஒருவாட்டி பாடேன்" என்றாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். இப்போது அந்தப் பாட்டில் முதல் இரண்டு அடி அம்மாவுக்குத் தெரியும். மற்றது போயிற்று. பெசலெயேலைப் பற்றிப் பதினைந்து தடவை பிரசங்கம் செய்த ஆள் நான்.

ஆகவே பெரியோர்களே, என் பேச்சை ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். குருமனைப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. நான் வரும்போதே இருந்தது; எனக்கு முந்தியவருக்கும் முந்தியது. நேற்றுத்தான் திறந்தேன். அசனப் பண்டிகை நோட்டீசுகள், கையெழுத்தில் மூன்று நாடகங்கள், யாரோ பென்சிலில் வரைந்த பழைய கோயில் முகப்பு, ராகம் எழுதிய பாட்டு நோட்டு ஒன்றரை. அந்த ஒன்றரையில் அரையைச் செல் அரித்துவிட்டது. இது என் சொத்தல்ல. லாரியில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. புது ஐயரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றிருக்கிறார். இந்த அவையில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், ராகம் தெரிந்தவர் இருவர் முன் வரிசையிலேயே இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பேர்பேராக ஒரு பட்டியல் எழுதுங்கள். ஏணி கிணற்றடியில் இருக்கிறது. சாவியைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன்.