குரல் மாறினால் குழு மாறுமா?



ஓர் இசைக்குழுவில் வாத்தியம் வாசிப்பவர் மாறினால் கேட்போருள் பலர் அதனை அறியவும் மாட்டார்கள். பாடுகிறவர் மாறினாலோ, முதல் அடியிலேயே குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஆகவே, பாடகர் மாற்றம் என்பது குரல் மாற்றம் மட்டுமே, ஏனையவை இருந்தபடியே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஹார்ட் ராக் இசையின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. பாடகர் மாறும்போது பாடல் கட்டப்படும் முறையும் மாறக்கூடும். குழுவின் பெயர் யாருக்கு உரியது என்னும் வினாவும் எழக்கூடும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தோன்றிய பிளாக் சபாத் குழு இதற்குத் தெளிவான சான்று.

அந்நகரின் உழைப்பாளர் குடும்பங்களில் பிறந்த நால்வர் 1968இல் ஒன்றுகூடினர். ஓஸி ஆஸ்போர்ன் பாடினார். டோனி அயோமி கிதாரும், கீஸர் பட்லர் பேஸ் கிதாரும், பில் வார்ட் டிரம்ஸும் வாசித்தனர். அயோமி பதினேழு வயதில் தகட்டு ஆலையில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்கு அதுவே தந்தியை அழுத்தும் கை. பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே செய்த உறைகளை விரலில் மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். 1971இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில், சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டினார். அக்குழுவின் கனத்த, இருண்ட ஓசைக்கு இவையெல்லாம் அடித்தளமாயின.

அந்த ஓசையின் மேல் ஆஸ்போர்னின் குரல் எங்கு நின்றது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. ராக் இசையில், கிதாரில் திரும்பத் திரும்ப வரும் குறுஞ்சுரத் தொடரை ரிஃப் என்பர். 1970இல் வந்த ‘அயர்ன் மேன்’ பாடலில் ரிஃப் செல்லும் வழியிலேயே குரலும் செல்கிறது. கருநாடக இசைக் கச்சேரியில் பாடகரை வயலின் பின்தொடர்வதை நாம் அறிவோம். இங்கே கிதாரைப் பாடகர் பின்தொடர்கிறார். ஆஸ்போர்ன் பரந்த ஸ்தாயிகளில் உலவியவர் அல்லர். அவருடையது உயர்ந்த, நேரான, அலங்காரமற்ற குரல். ஆனால் அக்குரலில் அச்சம் இருந்தது. போரையும் பைத்தியத்தையும் அழிவையும் பற்றிப் பெரும்பாலும் பட்லர் எழுதிய வரிகளை அவர் பாடியபோது, கதை சொல்பவன் பாடுவதாகத் தோன்றவில்லை. கதைக்குள் அகப்பட்டவன் அலறுவதாகவே தோன்றியது.

போதைப் பழக்கங்களாலும் மனக்கசப்புகளாலும் தளர்ந்திருந்த குழு, 1979இல் ஆஸ்போர்னை நீக்கியது. அவரிடத்திற்கு ரெயின்போ குழுவில் பாடிவந்த அமெரிக்கர் ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். இளமையில் டிரம்பெட் பயின்றவர். அப்பயிற்சி தந்த மூச்சுக் கட்டுப்பாடே தம் குரலின் வலிமை என்று கருதியவர். நீண்ட சுரத்தைத் தளராமல் நிறுத்தவும், ஒரே அடிக்குள் மென்மையிலிருந்து முழக்கத்திற்கு ஏறவும் அவரால் இயன்றது.

இத்தகைய குரல் ரிஃபின் மேல் படுத்துக்கிடக்காது. அதற்குத் தனிவழி வேண்டும். 1980 ஏப்ரலில் வெளிவந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’ இசைத்தட்டில் அயோமி அந்த வழியைத் திறந்துவிட்டார். தலைப்புப் பாடலில் பெரிய ரிஃப் முழங்கி ஓய்ந்ததும், பேஸ் கிதாரும் டிரம்ஸும் நடையைத் தாங்க, கிதார் பின்னே ஒதுங்குகிறது. அவ்வெளியில் குரல் தன் மெட்டைத் தானே வரைகிறது. ‘சில்ட்ரன் ஆஃப் த சீ’ மெல்லிய கிதார் மீட்டலோடு தொடங்கிப் பின்னரே கனக்கிறது. முன்பு ரிஃபே மெட்டாக இருந்தது. இப்போது ரிஃப் ஓரிடத்தில் நிற்க, மெட்டு அதன் மேல் குறுக்காகச் சென்றது. வாசித்த கைகள் அவையே. ஆனால் அவை வேறொரு தொண்டைக்காக வாசித்தன.

வரிகளும் மாறின. டியோ தாமே எழுதினார். அரசரும் கடலும் புதிரும் நிறைந்த புராண உலகம் அவருடையது. ஆஸ்போர்ன் அஞ்சியவனின் குரல் என்றால், டியோ அறிந்தவனின் குரல். மேடையில் ‘வார் பிக்ஸ்’ முதலிய பழம்பாடல்களை அவர் பாடியபோது சுரங்கள் செம்மையாக ஒலித்தன. ஆனால் அகப்பட்டவனின் அலறல் அங்கே இல்லை. ஒரு குரலின் குறை என்று எண்ணப்படுவது, பாடலின் பொருளாகவே இருந்திருக்கலாம் என்பதை இஃது உணர்த்துகிறது.

எல்லாக் குழுவிலும் இவ்வளவு மாற்றம் நேர்வதில்லை. அதே 1980இல் ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழு தன் பாடகர் பான் ஸ்காட்டைப் பிப்ரவரி 19 அன்று இழந்தது. வடகிழக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு ஜூலையிலேயே ‘பேக் இன் பிளாக்’ இசைத்தட்டை வெளியிட்டது. துக்கத்தின் அடையாளமாகக் கறுப்பு அட்டை, தொடக்கத்தில் மணியோசை. உலகில் மிகுதியாக விற்ற இசைத்தட்டுகளுள் அதுவும் ஒன்று. ஸ்காட்டின் குறும்பும் கேலியும் குறைந்தன. ஜான்சனின் கீச்சிடும் உச்சக்குரல் வந்தது. ஆயினும் குழு அதுவாகவே இருந்தது. காரணம் பாடல் அமைப்பில் உள்ளது. யங் சகோதரர்களின் கிதார் அடித்து நிறுத்தி, இடைவெளி விடும். அந்த இடைவெளியில் குரல் விழும். இடைவெளி தயாராக இருந்ததால், வேறொருவர் அதில் வந்து நிற்க முடிந்தது. சபாத்தில் குரலும் கிதாரும் ஒரே இழையாகப் பின்னிக்கிடந்தன. ஓர் இழை போனபின் நெசவையே மாற்ற வேண்டியதாயிற்று.

டியோ 1982இல் விலகினார். அதன்பின் பலர் வந்து பாடினர்; என்றும் நிலைத்திருந்தவர் அயோமி ஒருவரே. 2007இல் அயோமி, பட்லர், டியோ, டிரம்ஸ் வாசிப்பாளர் வின்னி அப்பீஸ் ஆகிய நால்வரும் மீண்டும் மேடையேறியபோது பழைய பெயரைச் சூடவில்லை. ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்பதையே குழுவின் பெயராக்கிக்கொண்டனர். இருவகை இசையும் ஒரே பெயருக்குள் அடங்கவில்லை என்பதற்கு, அக்குழுவினரே தந்த சான்றாக இதனைக் கொள்ளலாம். டியோ 2010 மே 16 அன்று மறைந்தார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் அரங்கில் தொடக்க கால நால்வரும் இறுதியாக ஒன்றுகூடினர். அன்று ஆஸ்போர்ன் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து அவரும் மறைந்தார்.

இவ்விருவருள் உயர்ந்தவர் யார் என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. அவ்வழக்கு தீர வேண்டியதும் இல்லை. ஒருவருக்காகக் கட்டிய வீட்டில் மற்றவர் குடியேறவில்லை. அவருக்கென வேறொரு வீடு எழுந்தது. இரண்டையும் கட்டிய கை, விரல் நுனி இழந்த ஓர் ஆலைத் தொழிலாளியின் கை. எவர் பாடுகிறார் என்று கேட்டு, அதற்கேற்ப வாசிக்க அறிந்திருந்ததே அக்கையின் பெருமை.