பாத்தியும் பெயரும்



சுவிட்சர்லாந்தில் புனித கல்லுஸ் மடத்து நூலகத்தில், ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன் தோலில் வரையப்பட்ட துறவு மட வரைபடம் ஒன்று உள்ளது. அதில் காய்கறிக்கு 18 பாத்திகள், மூலிகைக்கு 16. வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி என்று பாத்திதோறும் பெயர் எழுதியிருக்கிறது.

பெயரைத் தோல் காத்தது. விதையைக் காத்தவையோ, ஆண்டுதோறும் விதைத்த கைகளே! வெங்காய விதையைச் சில ஆண்டுகள் பூட்டிவைத்தால் முளைக்காது.

நாமோ ஜூபிலி மண்டபத்துக்காகக் கோயில் தோட்டத்தை அழித்துவிட்டோம். அங்கே பந்தலில் படர்ந்த நாட்டு அவரை இன்று எவர் வீட்டிலாவது உண்டா? இருந்தால், ஒரு பிடி விதையை ஞாயிறு திருப்பலியில் காணிக்கையாகக் கொண்டுவாருங்கள். பகிர்ந்து விதைப்போம்.